நூற்றிருபது ஓம்

ஹான்காக்கில் பனி மூன்றாம் நாளாகப் பெய்கிறது.
பள்ளியின் மரவேலைக் கூடத்தில்
அறுவை இயந்திரங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு
நடுமேசையில் வைத்தோம்
புதுப் பெட்டியை.
விரித்த இரு உள்ளங்கை அகலம்.
பக்கங்களில் பொக்கைவாய் போலத் துளைகள்.
மேல்தாளை உரிக்க எல்லோருக்கும் ஆசை;
சீட்டுக் குலுக்கியதில் ஓடெட்டுக்கு விழுந்தது.

பழைய பெட்டி போன மார்ச்சில்
ஆட்டக்களத்தின் நடுவே அணைந்துபோனது,
நாற்பது நொடி மிச்சமிருக்க.
கழற்றும்போது அதை யாரும் திட்டவில்லை.
திருகாணிகளை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டோம்.

கையேட்டை உரக்கப் படிப்பது என் வேலை.
கை நடுங்குகிறவனுக்கு
அணி வேறென்ன தரும்?
நான் படிப்பேன், ஹெல்மி செய்வாள்.
கம்பியின் தோலை நகமளவு சீவி
செப்பிழைகளை ஒருமுறை முறுக்கி
முனையில் உலோகத் தொப்பி மாட்டி
ஒரே அழுத்து.
சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு.
மஞ்சளும் பச்சையும் பின்னிக்கொண்டு
மோட்டாரிலிருந்து மோட்டாருக்குப் போகும்,
ஒரே தெருவில் கதவு கதவாகத் தட்டும் தபால்காரன் மாதிரி.

ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண் வேண்டும்.
நான்கு என்று கூப்பிட்டால்
முதலில் இரண்டு மோட்டார்கள் திரும்பிப் பார்த்தன.
அதைச் சரிசெய்ய அரைமணி.
அதன்பின் நான்கைக் கூப்பிட்டால்
ஒருவருமே திரும்பவில்லை.

விளக்கு சிவப்பு.
கணினித் திரையில் பிழை, பிழை, பிழை,
கீழிருந்து மேலே ஊர்ந்து போகிறது.

ஜோரி சொன்னான்: தொப்பிகளில் ஒன்று லூஸ்.
யார் அழுத்தியது என்று சொல்லவில்லை.
சொல்லத் தேவையும் இல்லை.
ஹெல்மி குறடைத் தட்டில் போட்டாள்.
போட்ட சத்தம் கொஞ்சம் பெரிது.
கதவு அதைவிடப் பெரிது.

இருபத்தெட்டு முனைகள்.
ஜோரி ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தான்,
பல் ஆடுகிறதா என்று பார்ப்பதுபோல.
ஒன்றும் வரவில்லை.
மறுபடி முதலிலிருந்து, இன்னும் பலமாக.
ஒன்றும் வரவில்லை.
கைகளை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

செய்ய வேறொன்றும் இல்லாததால்
கையேட்டை நானும் மறுபடி புரட்டினேன்.
முப்பதுக்குப் பிறகு முப்பத்துமூன்று.
நடுவிலே
பீட்சா எண்ணெயில் ஒட்டிக்கிடந்தன இரண்டு பக்கங்கள்.
நகத்தால் பிரித்தேன்.

அங்கே இருந்தது:
கம்பியின் கடைசியில் தடையொன்று வை.
வைக்காவிட்டால்
சொல்லியது முனைவரை போய் முட்டித் திரும்பும்,
திரும்பியது புதிதாக வருவதன்மேல் விழும்,
யார் சொன்னது யாருக்கும் கேட்காது.
நூற்றிருபது ஓம்.
(மறுப்பை அளக்கிற அலகுக்கு
இப்படியொரு பெயர் வைத்தது யாரோ?)

நான்தான், என்றேன்.
என்னது, என்றாள் ஓடெட்.
பக்கத்தைத் தூக்கிக் காட்டினேன். தாள் நடுங்கியது,
அது எப்போதும் நடுங்குவதுதான்.

ஹெல்மி தாழ்வாரத்தில்
தானியங்கிப் பெட்டியில் மாட்டிக்கொண்ட சிப்ஸ் பொட்டலத்தைக்
குத்திக்கொண்டிருந்தாள்.
சொல்லவேண்டியதை ஜோரி முதலில் சொன்னான்,
பின் நான் சொன்னேன்.
அவள் இரண்டுக்கும் பதில் தராமல்
பெட்டியை இன்னொரு குத்து குத்தினாள்.
பொட்டலம் விழுந்தது.

பழுப்பு, சிவப்பு, பழுப்பு:
மூன்று கோடு போட்ட பொடிப்பொருள்,
பொங்கிய அரிசியளவு.
ஹெல்மி இழுப்பறையில் தேடி எடுத்து
என் பக்கம் நீட்டினாள்.
நீ வை, என்றாள்.
என் கையா, என்றேன்.
மணிக்கட்டை அடியில் பிடித்துக்கொண்டாள்.
மூன்றாம் முயற்சியில் உள்ளே போனது.

பச்சை.

மரக்கட்டைமேல் தூக்கி நிறுத்திய எந்திரம்
முதல்முறையாகக் காற்றில் சக்கரம் சுற்றியது:
வலது முன்னோக்கி,
இடது பின்னோக்கி.
ஓடெட் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை.

பத்தரை மணி.
வாசலில் பனிவாரும் வண்டியின் மஞ்சள் விளக்கு.
வீட்டுக்குப் போங்கள் என்று யாரோ கத்துகிறார்கள்.
முப்பத்தைந்தாம் பக்கம், என்றாள் ஹெல்மி
வாய் நிறைய சிப்ஸோடு.
திசை மாற்றுவது எப்படி. படி.
மெதுவாக.
ஒவ்வொரு பக்கமாக.