முப்பத்தொரு கொம்பாசுப் பெட்டி

சவுக்கடி முகாமுக்கு
முப்பத்தொரு கொம்பாசுப் பெட்டி வந்தது.
போன மாதப் பட்டியலின்படி கணக்குச் சரி.
பட்டியல் போன பிறகுதான்
வாகரைப் பக்கமிருந்து மூன்று பஸ் வந்தது.

எட்டும் ஒன்பதும் ஒரே தறப்பாளுக்குள்,
நாற்பத்தாறு பேர்.
எல்லாப் பெட்டியையும் திறந்து
பாயில் கொட்டினேன்.
கவராயம் குகதாரணிக்கு,
பாகைமானி அவளுக்குப் பக்கத்திலிருப்பவளுக்கு.
மூலைமட்டம் கேட்டு மூக்குறிஞ்சியவனுக்கு
இப்போதைக்கு அழிறப்பர்.

"வெறும் பெட்டி காணும் ரீச்சர்"
என்று வாங்கிப்போனான் யதுமிதன்.
மூடிக்குள் ஒட்டியிருந்த நேரசூசியை
அன்றே நிரப்பிவிட்டான்:
திங்கள் கணிதம்.
செவ்வாய் தண்ணீர் பவுசர்.
புதன் கணிதம்.
வியாழன் அரிசி, பருப்பு, வரிசை.
வெள்ளிக்கு எதுவும் எழுதவில்லை.
கேட்டேன்.
"வெள்ளிக்கிழமைதான் ஆக்களை
வேற இடத்துக்கு ஏத்துறவங்க."

வட்டம் கீற ஒருத்தி வேண்டும்,
கோணம் அளக்க இன்னொருத்தி,
பென்சில் வைத்திருப்பவன்
தண்ணிக்குப் போயிருந்தால்
அவன் குடத்தோடு வரும்வரை
முக்கோணத்துக்கு இரண்டு பக்கம்தான்.
சோதனை மண்டபத்தில்
ஆளையாள் பார்க்கக் கூடாதென்பதை
இவர்களுக்கு எப்போது சொல்வது?

பெட்டி அனுப்பியவர்கள் கேட்டிருந்தார்கள்:
ஆளுக்கொன்றைக் கையில் பிடித்தபடி
ஒரு படம்.
நான் எடுத்ததில்
ஒரு கொப்பியைச் சுற்றி
எண்ணெய் காணாத தலைகள் மட்டும்,
நடுவில் குகதாரணியின் முழங்கை.

பெட்டி தெரியவில்லை,
திருப்பி எடுத்து அனுப்பவும் என்று
பதில் வந்தது.

அதற்குள்
இன்னொரு பஸ்.