ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்துப் பன்னிரண்டு

எல் ஆல்டோவில் காலை ஏழு மணிக்கு
ஸ்க்ரூடிரைவர்கூடக் கடிக்கும், அவ்வளவு குளிர்.
நியேவெஸ் கல்லிசாயா கடைக்குள் வந்து
சால்வை முடிச்சை அவிழ்த்து
மடிக்கணினியை மேஜைமேல் இறக்கினாள்,
கடன் வாங்கி ஓடியவனைப் பிடித்து வந்ததுபோல்.

"முழிக்கிறது. முகம் காட்டுகிறது. மறுபடி படுத்துவிடுகிறது.
மூன்று நாளாய் இதே நாடகம்."

அவள் மினிபஸ் சங்கத்தின் கணக்கர்.
எந்த வண்டி எத்தனை நிமிடம் பிந்தியது,
பிந்தியதற்கு எவ்வளவு அபராதம்,
கட்டாத அபராதத்துக்கு நாளொன்றுக்கு என்ன வட்டி,
எல்லாம் இதற்குள்.
வேறெங்காவது பிரதி உண்டா என்று கேட்டேன்.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

அவள் போன பத்தாவது நிமிடம்
ஓட்டுநர் ஒருவர் தலையை நீட்டினார்.
"பிழைக்குமா?"
"பார்க்கணும்."
"அவசரம் ஒன்றுமில்லை" என்று
ஒரு பொட்டலம் சூடான சால்டேன்யா வைத்துவிட்டுப் போனார்.
மதியத்துக்குள் நான்கு பேர் வந்தார்கள்.
கடைசியில் ஃப்ரோய்லான், என் மைத்துனன்,
ஐம்பது பொலிவியானோ நோட்டை எட்டாய் மடித்து
மேஜை ஓரம் தள்ளினான்.
"சாகிற வயசுதானே அதுக்கு."
நான் வாங்கவில்லை.
திருப்பித் தரவும் இல்லை.

சார்ஜரைப் பிடுங்கினேன். பேட்டரியைக் கழற்றினேன்.
முப்பது எண்ணும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்தேன்,
உள்ளே தேங்கிய மின்சாரம் வடியட்டும் என்று.
மறுபடி மாட்டினேன்.
விசிறி சுழன்றது, சின்னம் வந்தது,
நீளமாய் மூன்று பீப்.
இருட்டு.

மூன்று பீப் என்றால் இந்த எந்திரத்தில் நினைவகம்.
பெரும்பாலும்.
முதுகைத் திறந்தேன்.
விசிறியில் அல்பாகா நூல்,
இந்த ஊர்ச் செங்கல்லின் தூசி,
ஒரு சோள மணி. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.
ராம் பட்டை இரண்டு.
ஒன்றை எடுத்துவிட்டு ஓட்டினேன்: பீப்.
இதை எடுத்து அதை வைத்தேன்: பீப்.
இரண்டும் ஒரே சமயத்தில் கெடாது.
கெடாது என்றுதான் சொல்வார்கள்.

மகளின் பென்சில் டப்பாவிலிருந்து
ரப்பர் ஒன்றை எடுத்துப்
பட்டைகளின் பொன் பற்களைத் தேய்த்தேன்.
கறுப்பாய் உதிர்ந்தது.
அழிக்கிற ரப்பரால் நினைவு திரும்புவதை
நூறு தடவை பார்த்திருக்கிறேன்.
இன்னும் பழகவில்லை.

திறந்துகொண்டது.
ஒரே ஒரு புகார்: மணி தெரியவில்லையாம்.
தேதி, ஜனவரி ஒன்று, 2012.
தாய்ப்பலகையில் கிடந்த நாணய பேட்டரி
யாருக்கும் சொல்லாமல் செத்திருந்தது.

கோப்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன்.
இன்றிலிருந்து அபராத நாளைக் கழித்து
வட்டி போடும் சூத்திரம்.
இன்றே இத்தனை வருடம் பின்னால் போய்விட்டதால்
எல்லா எண்ணுக்கும் முன்னால் கழித்தல் குறி.
ஒருவரும் இன்னும் பிந்தவே இல்லை.
சங்கம்தான் ஊருக்கெல்லாம் கடன்பட்டிருந்தது,
ஃப்ரோய்லானுக்கு மட்டும் ஆறாயிரத்துச் சொச்சம்.

புது பேட்டரி உள்ளங்கையில்,
பத்து சென்டாவோ அகலம், அதைவிட லேசு.
விரலில் சால்டேன்யா எண்ணெய்.
வெகுநேரம் அப்படியே இருந்தேன்.

சாயங்காலம் வந்தாள். காட்டினேன்.
கழித்தல் குறிகளை மேலிருந்து கீழாய்ப் படித்தாள்,
சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்,
மறுபடி முதலிலிருந்து படித்தாள்.
"சரி, போடு."

போட்டேன். கைக்கடிகாரம் பார்த்தேன்: ஆறு பதினெட்டு.
"ஆறு பதினாலு என்று வை."
"அது..."
"நாலு நிமிடம் நாய்களுக்கும் ஊர்வலங்களுக்கும்."

வைத்தேன்.
அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்,
மேஜை ஓரத்து நோட்டை எட்டு மடிப்பும் பிரித்து
விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு
ஒற்றை விரலால் தட்டினாள்:
ஃப்ரோய்லான், ஐம்பது, வரவு.

நான் பெயரைச் சொல்லவே இல்லை.