கேக்குதா

திங்கள்தோறும் பதினோரு மணிக்கு
சத்துவாச்சாரியில், இரண்டாம் மாடியில்,
ஏசி ஒழுங்காக ஓடுகிற ஒரே அறையில்
இருபத்திரண்டு துணை சுகாதார நிலையங்களைத்
திரையில் வரிசைகட்டி உட்காரவைப்பது என் வேலை.
டாக்டர் கேமராவுக்கு முன்னால்.
நான் கேமராவுக்குப் பின்னால்,
ஒயரோடு ஒயராக.

"ஒடுகத்தூர், கேக்குதா? கேக்குதா?"
"மேடம், மைக்கைத் திறங்க."
"மேடம், மைக்கை மூடுங்க, குக்கர் விசில் வருது."
ஐந்து வருடத்தில் அந்த அறையில் நான் பேசியது
அநேகமாக இந்த மூன்று வாக்கியம்தான்.

பெயர் பார்க்காமலே ஊர் சொல்வேன்.
பின்னால் தறி தட்டினால் குடியாத்தம்.
ஆடு கத்தினால் கே.வி.குப்பம்;
திங்கட்கிழமை சந்தை நாள்,
டாக்டர் ரத்த அழுத்தம் பற்றிச் சொல்லும்போது
விலை படியாத கிடா ஒன்று
நடுவில் ஆட்சேபம் தெரிவிக்கும்.
பேரணாம்பட்டு சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம்
மாதாமாதம் கொஞ்சம் பெரிதாகிறது.
முதலில் ஆட்டுக்குட்டி போல இருந்தது.
இப்போது லாரி.

பீஞ்சமந்தை மட்டும் கறுப்புக் கட்டம்.
அதன் நடுவில் வெள்ளையாக: ரா. பூங்காவனம்.

"கேமரா போடச் சொல்லுங்க" என்பார் டாக்டர்.
நான் சொல்வேன்.
மலைமேலிருந்து அறுந்து அறுந்து வரும்:
"பாறை மேல... நிக்கிறேன் சார்...
படம் போட்டா... குரல் போயி..."
படமா குரலா என்று வந்தபோது
அந்தம்மா குரலை வைத்துக்கொண்டார்.
வருகைப் பதிவேட்டில் அதற்கென்று கட்டம் இல்லை.
'பாதி' என்று பென்சிலில் எழுதி,
பிறகு அழித்தேன்.

பிறந்த குழந்தையை எடை பார்ப்பது பற்றி ஒரு வகுப்பு.
டாக்டர் துணிப்பொம்மையைத் தட்டில் கிடத்திக் காட்ட
இருபத்தோரு தலைகள் ஆடின.
கறுப்புக் கட்டம் ஒருமுறை மினுங்கியது.
"தராசு ரிப்பேர் சார். ஆறு மாசமா.
மளிகைக் கடைத் தராசுல துணி விரிச்சு வைக்கிறேன்.
அந்தப் படிக்கல்ல நம்பலாமா?"

அன்றைக்கென்று லைன் அவ்வளவு சுத்தம்.
ஒரு எழுத்துகூட உதிரவில்லை.
டாக்டர் தண்ணீர் குடித்தார்.
பதிவு ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடியது.
அடுத்த படம் திரைக்கு வந்தது.

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை இல்லை.
பதினான்காவது வரியாக அதை நுழைத்தேன்.
அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு,
வேலூர் மார்க்கெட்.
இலவம்பாடிக் கத்திரிக்காய்க் குவியலின் முன்னால் நின்று
வீட்டுக்குப் போன் போட்டு
ஒரு கிலோவா அரைக் கிலோவா என்று கேட்டேன்.
பதில் வரவில்லை. தூண்களுக்கு நடுவில் சிக்னல் இல்லை.
"கேக்குதா? கேக்குதா?"

பக்கத்தில் குனிந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா
நிமிராமலே சொன்னார்:
"கேக்குது சார்."

பிறகுதான் நிமிர்ந்தார்.
நெற்றியில் ஒரு பழைய தையல் தழும்பு.
தோளில் இரும்புப்பூட்டு போட்ட பை.
நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம்;
நான் எப்படி இருப்பேன் என்று அவர் நினைத்திருந்தாரோ,
அதிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றேனோ,
முகத்தில் ஒரு விநாடி கணக்குப் போட்டார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம்.
இரண்டு பேரும் நிறுத்தினோம்.
"நீங்க சொல்லுங்க."
"இல்ல சார், நீங்க."
நடுவில் மூன்றடிதான்.
ஆனாலும் குரல் போய்ச் சேரட்டும் என்று
பழக்கதோஷத்தில் காத்திருந்தோம்.

"தராசு வந்துச்சா?"
"வந்துகீது சார்."
கத்திரிக்காயின் காம்பு முள்ளை விரலிலிருந்து பிடுங்கினார்.
"பேட்டரி இல்லாம."

கடைக்காரர் என் காயைத் தட்டில் கொட்டினார்.
நான் பணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அவர் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அது ஆடி நிற்கும்வரை.
"இன்னும் ஒண்ணு போடுப்பா," என்றார்.