பதினோரு கிராம்

ஆடி முதல் வாரம்.
தேவாலாவில் ஏழு நாளாகக்
கூரைத் தகரம் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது.
ஒன்பதாம் வகுப்பு, இரண்டாம் பாடம்:
கலவைகளைப் பிரித்தல்.

கல்லுப்பு ஷைலஜா டீச்சருடையது.
தூத்துக்குடி லாரியில் மலையேறிய கடல்,
கொண்டை ஊசி வளைவுகளிலேயே
கோணிக்குள் கசியத் தொடங்கியிருந்தது.
மணலுக்கு யாராவது பொறுப்பு என்றார்.
துஷாந்தினி கொண்டுவந்தாள்,
பிஸ்கட் டப்பா நிறைய.

ஆற்று மணல் இல்லை அது.
சாம்பல் நிறம்; அம்மியில் அரைத்ததுபோல் நைசு.
"எங்கே அள்ளினே?"
"வீட்டுக்குப் பின்னாலே."
அதற்குமேல் இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.
வெள்ளைக்காரன் தோண்டிவிட்டுப்போன பொந்துகளில்
ராத்திரி டார்ச்சோடு யார் யார் இறங்குவது என்று
தேயிலைச் செடிக்கும் தெரியும்,
போலீஸ் ஸ்டேஷனுக்கும் தெரியும்.

பத்து கிராம் உப்பு, பத்து கிராம் மணல்.
இரண்டையும் கொட்டி நன்றாகக் கலக்கினார் டீச்சர்.
"பிரிக்கத்தானே போறோம், அப்புறம் ஏன் கலக்குறீங்க?"
கேட்ட ரெஜீஷ்
மணி அடிக்கும்வரை பெஞ்சின்மேல் நின்றான்.

தாளை இரண்டாய் மடி. நாலாய் மடி.
ஒரு பக்கம் மூன்று ஏடு, மறுபக்கம் ஒன்று,
விரித்தால் கூம்பு.
எனக்கு மூன்று தாள் கிழிந்தது.
துஷாந்தினியின் கைக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது.
கண்ணாடிக் குச்சியில் வழியவிட்டு
ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள்.
"அவசரப்பட்டா அடியிலே கிடக்கிறது மேலே வந்துடும்."
அந்த வரி புத்தகத்தில் இல்லை.

வடிநீர் தெளிவாக இருந்தது.
'ஆய்வகத்தில் எதையும் சுவைக்காதே'
என்ற சுவரெழுத்தின் கீழே நின்று நக்கிப் பார்த்தேன்.
உப்புத்தான்.
சாராய விளக்கில் பாதியாய்ச் சுண்டவைத்து
பீங்கான் கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்தோம்.

வெள்ளிக்கிழமை
கிண்ணத்தின் விளிம்பில்
யாரோ ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல்
குட்டிக் குட்டிச் சதுரங்கள்.
வகுப்பே வந்து பார்த்துவிட்டுப் போனது.
வண்டலை யாரும் பார்க்கவில்லை.
அவள் அதைத் தாளோடு விளக்கின்மேல் காட்டினாள்,
முன்னும் பின்னும், அப்பளம் சுடுகிற மாதிரி.
சாய்ந்த வெளிச்சத்தில் ஓர் ஓரம்
மின்னியது. கடுகில் பாதி.

"காக்காப்பொன்!" என்றான் ரெஜீஷ்.
"காக்காப்பொன்தான்" என்றாள் அவள்,
தேவைக்குமேல் வேகமாக.

நாலாய் மடித்த தாள் எட்டானது, பதினாறானது,
ஜியோமெட்ரி பாக்ஸில்
காம்பஸுக்குக் கீழே போனது.
என்னைப் பார்த்தாள்.
எடைக் கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன் நான்,
துடைத்ததையே திரும்பவும்.
வைகாசியிலிருந்து அவள் அப்பா
காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார்,
எந்தக் கல் விழுந்தது என்று
ஆஸ்பத்திரியில் சொல்லாமல்.

திங்கட்கிழமை சதுரங்களைக் காணோம்.
இரண்டு நாளாய் ஜன்னலை யாரும் சாத்தவில்லை.
மலபார்ப் பக்கமிருந்து மேகமாய் ஏறிவந்த
மேற்குக் கடல்,
கிண்ணத்தில் கிடந்த கிழக்குக் கடலை
அடையாளம் கண்டிருக்கிறது.
இரண்டும் சேர்ந்து தளும்பிக்கொண்டிருந்தன.
கிண்ணத்தைக் கழித்து நிறுத்தால்
பதினோரு கிராம், கொஞ்சம் கூட.

"போட்டது பத்து, எடுத்தது பதினொண்ணா?
வானத்தையும் சேர்த்து நிறுத்தீங்களா?"
டீச்சர் கோபமாகத்தான் கேட்டார்.
மற்றவர்கள் எல்லோரும் ஒன்பது புள்ளி எட்டு,
போன வருட நோட்டைப் பார்த்து எழுதியது.
நான் பதினொன்று என்றே எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில்: ஜன்னல்.

அடுத்த கட்டம், வண்டலின் எடை.
டீச்சர் அதைக் கேட்கவே இல்லை.
வடிந்ததைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.
துஷாந்தினி பேனாவை உதறி
பத்து என்று எழுதினாள், முழு எண்,
எழுதியதன்மேல் ஊதினாள்.
இந்த மழையில் மை காய
வீடு போய்ச் சேரும்வரை ஆகும்.