இடது தோளுக்குக் கீழே

மயிரளவு திருகாணி.
சாமணத்தின் நுனியில் அது மினுங்கிக்கொண்டிருந்தபோது
எனக்குத் தும்மல் வந்தது.

அவ்வளவுதான்.
தோள்பட்டைக்கும் முள்ளந்தண்டுக்கும் நடுவில்
ஈரச் சாரத்தை யாரோ பிழிந்ததுபோல ஒரு முறுக்கு.
திருகாணி எங்கேயோ போயிற்று.
மூச்சு பாதியில் நின்றது.
கஸ்தூரியார் வீதியில் எவனோ ஹோர்ன் அடித்தான்,
திரும்பிப் பார்க்கவில்லை,
திரும்ப முடிந்தால்தானே.

பக்கத்துக் கடை நகுலேந்திரன் ஓடி வந்து
"அசையாதையுங்கோ" என்றார்.
பிறகு "நல்லா ஆட்டிப் பாருங்கோ" என்றார்.
கோடாலித் தைலம் தேடிப் போனவர்
பிளேன்ரீயோடு திரும்பி வந்தார்.

பெரியாஸ்பத்திரி, பிசியோதெரபி அறை.
மிஸ் பெனடிக்ரா முதலில் கேட்டது:
"நெஞ்சு நோகுதோ? கை விறைக்குதோ? காய்ச்சல்?"
ஒன்றும் இல்லை.
"அப்ப பயப்பிடாதையுங்கோ, தசைதான் கோவிச்சிருக்கு."

சூட்டுப் பையின் கீழே
கால் மணித்தியாலம் குப்புறக் கிடந்தேன்.
பிறகு ஒரு விரல் வந்து தேடியது.
இதிலையோ. இல்லை, இன்னும் கொஞ்சம் கீழ.
இதில?
பதிலை என் கால் சொன்னது, கட்டிலை உதைத்து.

"வேலை என்ன?"
"போன் திருத்திறன்."
"ஒருக்கா திருத்திக் காட்டுங்கோ."

வெறுங்கையோடு, இல்லாத போனின் மேல்
குனிந்தேன்.
கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல
என் தோள்களைத் தொட்டார்.
"இது ரெண்டும் ஏன் காதுக்குப் பக்கத்தில நிக்குது?"

அவை அங்கே நிற்பது எனக்குத் தெரியாது.
"எப்ப தொடக்கம்?"
காலமை தொடக்கம் என்றேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்.
காலமை தொடக்கமா.
ஆறு வயதில், பங்கருக்குள்,
மூச்சு விடாதை என்று யாரோ சொன்னார்கள்.
இனி விடலாம் என்று
பிறகு ஒருவரும் சொன்ன ஞாபகமில்லை.

இரவு, மகனின் ரெனிஸ் பந்தைச்
சுவருக்கும் எனக்கும் நடுவில் செருகி
பூவரசில் உரசும் மாடுபோல உரசினேன்.
சுகந்தினி துண்டைப் படித்தாள்:
"நடு எலும்பில உருட்டக் கூடாதாம், பக்கத்திலயாம்.
நொந்தா நிப்பாட்டட்டாம்."
சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் படித்தாள்.

பந்து ஒரு கட்டியில் முட்டி நின்றது.
தள்ளவில்லை. நின்றேன்.
ஒன்று, இரண்டு, மூச்சுகளை எண்ணிக்கொண்டு.
ஏழாவதில்
மார்கழிப் போத்தலில் உறைந்த எண்ணெய்
வெயில் பட்ட பக்கமாக
இளகத் தொடங்குமே,
அப்படி.

இப்போது மேசைக் கால்களுக்குக் கீழே
நான்கு சீமெந்துக் கற்கள்.
நான் போனிடம் குனிவதில்லை,
அது என் கண்ணுக்கு ஏறி வருகிறது.
முழங்கைகளுக்குப் பழைய ரவல் இரண்டு மடித்து வைத்திருக்கிறேன்.
அரை மணிக்கொரு தரம் அலாரம்,
திருத்த வந்த யாரோ ஒருவரின் போனில்.
எழும்பித் தோளைச் சுழற்றுவேன்.
சத்தம் கேட்டு நகுலேந்திரனும் எழும்பி நிற்கிறார்,
ஏனென்று அவருக்குத் தெரியாது.

போன கிழமை பெனடிக்ரா மிஸ் கடைக்கு வந்தார்.
வெடித்த திரையைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் நெரித்து
யாரோடோ கதைத்தபடி, கழுத்தைச் சரித்து,
என் மேசையில் காசு எண்ணினார்.
"மிஸ்" என்றேன், "தோள்."
ஒரு நிமிஷம் முறைத்தார்.
பிறகு தோள் இறங்கியது. போன் விழுந்தது.
அதற்கும் சேர்த்துத் திருத்தினேன்.

முழுதாய்ப் போய்விட்டதா என்றால், இல்லை.
வேலை கூடின நாளில்
அந்த இடம் மெல்லத் தட்டிப் பார்க்கும்.

திருகாணியைத் தூக்கும்போது
மூச்சை விடப் பழகுகிறேன்.
சில நாள் மறந்துபோகிறேன்.