நான்காவது ஸ்டாண்டு, உள்பக்க நாற்காலி

இசைத்தாள் அறையில் என் வேலை
பெரும்பாலும் அழிப்பதுதான்.
வாடகைக்கு வந்த சிம்பொனி
வந்தபடியே லைப்சிக் திரும்ப வேண்டும்.
பென்சில் கீறலுக்கு அபராதம் இவ்வளவென்று
ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

தைமி கொர்பெலாவை
அப்படித்தான் எனக்குத் தெரியும்.
முப்பத்து நான்கு ஆண்டில் நேரில் பேசியது சொற்பம்.
ஔலு பேருந்தில் ஒருமுறை பார்த்தேன்,
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
செல்லோவை ஜன்னலோரம் உட்காரவைத்து
அதற்கும் சீட்டு வாங்கியிருந்தாள்.
சிறுவர் கட்டணம்.

திரைக்கு அப்பால் வாசிக்கும் தேர்வு அன்று
காலணியைக் கையில் பிடித்தபடி வந்தாளாம்,
குதிகால் சத்தம் பெண்ணென்று காட்டிக்கொடுக்குமென்று.
நடுவராயிருந்த ட்ரம்போன்காரர் சொன்னார்.
கம்பளிக் காலுறையில்
கட்டைவிரல் பக்கம் ஓட்டையாம்.
திரை தரைவரை எட்டவில்லை.

மற்றதெல்லாம் கையெழுத்து.
சிக்கலான இடத்தில் மூக்குக்கண்ணாடி வரைவாள்,
கண்டக்டரைப் பார் என்று பொருள்.
ஒரு பருவம் மட்டும் வந்துபோன ஒருவருக்கு
கண்ணாடியின் மேல் பெருக்கல் குறி.

அவள் செல்லோவில் ஓர் ஓநாய் குடியிருந்தது.
தாழ்ந்த தந்தியில் ஒரே ஒரு சுரத்தில்
குரல் உடைந்து ஊளையிடும்.
முழங்கால்களால் மரத்தை இறுக்கினால் அடங்கும்.
அந்தச் சுரம் வரும் இடமெல்லாம்
இரண்டு கூரிய காதுகள்.

"இல்மரிக்குக் காய்ச்சல். இரண்டாம் பகுதி முடிந்ததும் போன்."
அழித்தேன்.
"பால், பேட்டரி, கௌகோவின் சட்டை."
அழித்தேன்.
அடுத்த குளிர்காலம் ஓரத்தில் நீளமாய் ஒரு ஸ்வீடன் எண்,
வால்வோ தொழிற்சாலைக்குப் போனவனுடையது.
அதற்கடுத்த குளிர்காலம்
பால், பேட்டரி.

உள்பக்கம் அமர்பவர்தான் தாள் திருப்ப வேண்டும்.
வெளிப்பக்கத்தவரின் வில் நிற்கக் கூடாது.
ஆகவே வலது பக்கத்தின் அடியில்
கடைசி இரண்டு கட்டங்களை
அவள் ஒருபோதும் வாசித்ததில்லை.
அங்கே விரல் எண் இல்லை, வில் குறி இல்லை,
பனி பெய்த மறுநாள் காலை மாதிரி
என் ரப்பருக்கு வேலையே இல்லாத இடம்.
தாளின் மூலையில் மட்டும்
ரோசின் பூசிய பெருவிரலின் பழுப்பு.
அதை அழிக்க முடியாது. அபராதமும் இல்லை.

கடைசிக் கச்சேரிக்கு நான் கதவோரம் நின்றிருந்தேன்.
பக்கத்து நாற்காலியில் ஓஸ்கரி,
போன வருடம்தான் சேர்ந்த பையன்.
ஏழாம் பக்கத்தின் அடியில்
அவன் வில்லைத் தூக்கிவிட்டு
எக்கி, கோணலாக, தானே தாளைப் பிடித்தான்.
பழக்கதோஷத்தில் எழுந்த அவள் கை
பாதியில் நின்றது.
இறங்கியது.
வாசித்தாள்.

மற்ற ஏழு செல்லோக்களின் நடுவே
என் காதுக்கு எதுவும் தனியாகக் கேட்கவில்லை.
கேட்டதாகச் சொன்னால் பொய்.

மறுநாள் தாள்கள் வந்தன.
அந்த இரண்டு கட்டங்களின் மேல்
ஒன்று, நான்கு, ஒன்று என்று விரல் எண்கள்.
கீழே பொடி எழுத்தில்:
"இவ்வளவுதானா!"

கண்ணாடிகளை அழித்தேன்.
ஓநாய்க் காதுகளை அழித்தேன்,
முழங்காலின் அழுத்தம் தாளிலும் இறங்கியதுபோல்
பள்ளம் மட்டும் நின்றது.
ஏழாம் பக்கம் வந்தபோது
போன் அடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் கழித்து லைப்சிக்கிலிருந்து சீட்டு:
செல்லோ, நான்காம் ஸ்டாண்டு, பக்கம் ஏழு,
அழிக்கப்படாத பென்சில், ஆறு யூரோ.
என் பையிலிருந்து கட்டினேன்.

ரசீதை எந்தக் கோப்பில் சேர்ப்பதென்று
இன்னும் தெரியவில்லை.