ஒரு மூச்சில் தக்கலை வரை

மூக்கு வழியே குழாய் இறக்கித்
திரையில் காட்டினார் டாக்டர்.
வெள்ளையாய் இரண்டு மடிப்பு.
புண் இல்லை, முடிச்சு இல்லை, வாதம் இல்லை.
"நல்ல தொண்டையாக்கும். ஒண்ணும் இல்ல."
பேசாத மைக்கை
பழுதில்லை என்று கடைக்காரன்
திருப்பித் தந்ததுபோல் இருந்தது.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் பதினேழு வருடம்.
ஊர்ப்பேர் சொல்லிச் சோறு தின்றவன்.
ஆனி மாதம் ஒரு நாள், மழை வந்து நின்ற நேரம்,
களியக்காவிளை என்று வாயெடுத்தேன்.
'களி' வந்தது.
மிச்சம் காற்றாய்ப் போனது.
ஏற வேண்டியவர்கள் ஏறிவிட்டார்கள்,
பலகை பார்த்து.

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி, மாடியில் கடைசி அறை.
ஷைனி பிளெஸ்ஸா மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான்
பதிவு செய்வார்.
"ஆ சொல்லுங்க, முடியிற மட்டும்."
ஆறு விநாடி.
அப்புறம் வாசிக்க ஒரு பத்தி தந்தார்,
அதில் ஒரு ராஜா, ஒரு குதிரை.
எனக்கு இதெல்லாம் வராது என்று கையால் சொன்னேன்.
"அப்ப தினமும் சொல்லுகதச் சொல்லுங்க."
பார்வதிபுரம், சுங்கான்கடை,
அங்கேயே மூச்சு இறங்கிக்கொண்டது.
அவர் தாளில் எழுதினார்: சுங்கான்கடை.

கழுத்தைப் பிசைந்து இறுக்கம் எடுத்தார்.
கொட்டாவியைப் பாதியில் பிடித்து
அதன்மேல் 'ம்' வைக்கச் சொன்னார்.
வீட்டில் டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா விட்டுக்
குமிழி ஊதினேன், நாளுக்கு ஐந்து தடவை.
உதடு அதிர ப்ர்ர்ர் என்று நீட்டியபோது
பக்கத்து வீட்டுப் பயல்
சுவர்மேல் தலை நீட்டிக் கேட்டான்:
"மாமா, இது எந்த பஸ்?"

மூன்றாம் வாரம் வில்லுக்குறி.
நான்காம் வாரம் மறுபடியும் சுங்கான்கடை,
அன்று டிப்போவில் சண்டை.
எட்டில் குமாரகோவில் விலக்கு.
பன்னிரண்டாம் வாரம்,
நடுவில் எங்கும் நிறுத்தாமல்
தக்கலை.
ஆ மட்டும் பதினாலு விநாடி.

கம்ப்யூட்டர் பாதிதான் ஒப்புக்கொண்டது.
குரலின் நடுக்கம் குறைந்திருக்கிறதாம்,
சத்தத்தின் ஏற்ற இறக்கம்
போன ஆனியில் நின்ற இடத்திலேயே நிற்கிறதாம்.
பழைய பதிவு, புதிய பதிவு இரண்டையும்
தேதி மறைத்து மூன்று மாணவர்களுக்குப் போட்டார்.
இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள்.
மூன்றாமவன் பழையதைக் கேட்டு
இதுதான் நல்ல குரல் என்றான்.
அதையும் எழுதினார் ஷைனி.
நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தும்
எழுதினார்.

கடைசியாக அந்த முப்பது கேள்வி.
ஒருபோதும் இல்லை என்றால் பூஜ்யம்,
எப்போதும் என்றால் நாலு.
முதல் நாள் நான் நிரப்பியதையும் பக்கத்தில் வைத்தார்.
கூட்டத்தில் என் குரல் கேட்பதில்லை: அன்று நாலு, இன்று ஒன்று.
பேசினால் களைத்துப்போகிறேன்: மூன்று, ஒன்று.
ஏழாம் கேள்வியில் பேனா நின்றது.

தொலைபேசியில் பேசத் தயங்குகிறேன்.

குவைத்தில் வின்சிலாவுக்கு இரவு டியூட்டி.
போகுமுன் கூப்பிடுவாள்.
என்ன கரகரங்குது என்பாள்.
இங்க டவர் சரியில்ல என்று
காற்றால் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.
நாலு மாதம் டவர் சரியில்லாமல் இருந்தது.
அவள் லீவு போட்டுவிட்டு வந்துவிடக் கூடாதே,
கடன் இன்னும் பதினொரு தவணை.
அந்தப் பயத்தில்தான்
முதல் நாள், ஆஸ்பத்திரித் தாளில்கூட,
ஒருபோதும் இல்லை என்று வட்டம் போட்டேன்.

நேற்று கூப்பிட்டாள்.
பிள்ளைக்கு ஃபீஸ், மழை, கிணற்றில் தண்ணீர்,
அம்மன்கோவில் தெருவில் புதுசாய் வந்த பேக்கரி,
பேசிக்கொண்டே போனேன்.
நடுவில் அவள் சொன்னாள்:
"இன்னைக்கு டவர் நல்லா இருக்குல்லா?"
ஆமா, மாத்தியிருக்கான் என்றேன்.

இதை எழுத அந்தத் தாளில் இடம் தேடினேன்.
ஓரத்தில் கொஞ்சம் இருந்தது,
அதில் யாரோ பேனா எழுதுகிறதா என்று
கிறுக்கிப் பார்த்திருந்தார்கள்.

ஏழாம் கேள்வி:
அன்று பூஜ்யம்.
இன்று பூஜ்யம்.
மாற்றம் எதுவும் இல்லை.